புகையைத் தின்னும் அடுப்பு: உங்களுக்குத் தெரியுமா?

● விறகு எரிகிறது என்கிறோம். தழல்விட்டு எரிவது பெரும்பாலும் விறகிலிருந்து கிளம்பும் வாயுதான். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு, சூடு பட்டதும் வாயுவாகிவிடும். அதில் எரியாமல் தப்பித்ததே புகை. ஆக, புகைபோக்கி வழியே வெளியேறுவது காசு கொடுத்து வாங்கிய விறகில் ஒரு பகுதி.

● அந்தப் புகையைப் பற்றவைக்க 550 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பனிக்கால இரவு முழுக்க எரிய வேண்டுமே என்று காற்றைக் குறைத்து வைத்த அடுப்பில் அவ்வளவு சூடு ஏறாது. பல்லேடியமோ பிளாட்டினமோ பூசிய பீங்கான் தேன்கூடு ஒன்றைப் புகை போகும் வழியில் வையுங்கள். 260 டிகிரி வாக்கிலேயே புகை எரியத் தொடங்கிவிடும். வினையூக்கி அடுப்பின் ரகசியம் இவ்வளவுதான். ஒருமுறை பிடித்துக்கொண்டால் தேன்கூட்டின் சூடு 700 டிகிரியையும் தாண்டும்.

● இந்த வித்தையைச் சுரங்க விளக்கு ஆராய்ச்சிக்குப் பேர்போன ஹம்ஃப்ரி டேவி 1817இலேயே பார்த்துவிட்டார். எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் சூடான பிளாட்டினக் கம்பியை நுழைத்தபோது, சுடர் எதுவும் இல்லாமல் கம்பி மட்டும் செக்கச்செவேலென ஒளிர்ந்தது. இதற்கு வினையூக்கம் என்ற பெயரை வேதியியலாளர் பெர்சீலியஸ் வைத்தது 1835இல். அடுப்புக்கு வந்து சேர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது, அதுவும் கார் வழியாக. கார் புகைக்குழாய்க்காக 1970களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் செய்த பீங்கான் தேன்கூடு, 1980களின் தொடக்கத்தில் விறகடுப்புக்குள் நுழைந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் சூடுபட்ட அமெரிக்கக் குடும்பங்கள் மறுபடி விறகைத் தேடிப் போயிருந்த சமயம் அது.

● காரின் தேன்கூட்டில் சதுர அங்குலத்துக்கு 400 துளைகள் இருப்பது சாதாரணம். அடுப்பில் 16 அல்லது 25 போதும். விறகுப் புகையோடு சாம்பலும் பறக்குமே, சிறு துளைகள் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

● அமெரிக்காவின் முதல் தேசிய விறகடுப்புப் புகை விதி 1988இல் வந்தது. சாதாரண அடுப்புக்கு மணிக்கு 7.5 கிராம் புகைத்துகள் வரை சலுகை. வினையூக்கி அடுப்புக்கோ 4.1 கிராம்தான். நல்ல பிள்ளைக்கு ஏன் கூடுதல் கெடுபிடி? வினையூக்கி வயதாக ஆகச் சோர்ந்துபோகும் என்பதை அதிகாரிகள் முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருந்தார்கள். 2020 முதல் இரு வகைக்கும் ஒரே வரம்பு: சுமார் 2 கிராம்.

● அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் குளிர் மைனஸ் 40ஐத் தொடுவதுண்டு. செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்று கேட்க வேண்டியதில்லை. இரண்டு அளவுகோல்களும் ஒன்றாகும் புள்ளி அது. ஊரைச் சுற்றிக் குன்றுகள். கனத்த குளிர்காற்று தரையோடு படிந்துவிட, மேலே இளஞ்சூட்டுக் காற்று மூடி போல் உட்கார்ந்துகொள்கிறது. பர்ச், ஸ்புரூஸ் விறகுப் புகை அந்த மூடிக்கு அடியில் நாள்கணக்கில் தேங்கும். காற்று மோசமான நாள்களில் அடுப்பைப் பற்றவைக்கவே தடை வரும். ஈர விறகு விற்பனைக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு.

● பச்சை விறகோடு மல்லுக்கட்டி ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் எரிந்தவர்களுக்கு இந்த அடுப்பின் முதல் பராமரிப்பு விதியைச் சொல்லித்தர வேண்டாம். விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பிளந்து அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கவாட்டில் காற்று விளையாட விட்டால் சாதாரண மரத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம். ஓக் மரம் இரண்டு வருடம்கூடக் கேட்கும். ஈரமானியைக் கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்தி ஏமாறாதீர்கள். வெளியே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருக்கும். மறுபடி பிளந்து, புது முகத்தில் குத்துங்கள்.

● இந்த அடுப்புக்கு வாய்ப்பத்தியம் உண்டு. சாயம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம், பிளாஸ்டிக், பளபளக் காகிதம், நிலக்கரி எதையும் போடக் கூடாது. ஈயம், துத்தநாகம், கந்தகம் போன்றவை உலோகப் பூச்சின் மேல் படிந்து அதை மந்தமாக்கிவிடும். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையும் ஆகாது, உப்பு ஊறியது. குப்பைத்தொட்டி வேறு, அடுப்பு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் வீட்டில் தேன்கூடு 12,000 மணி நேரம் வரை உழைக்கும் என்பார்கள்.

● தேன்கூட்டைச் சுற்றிக்கொண்டு புகை நேராகப் புகைபோக்கிக்குப் போக ஒரு பைபாஸ் கதவு உண்டு. பற்றவைக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். வெப்பமானி முள் 260ஐத் தாண்டிய பிறகே மூட வேண்டும். புது விறகு போடும்போதும் திறந்து, கட்டை நன்றாகப் பிடித்த பிறகு மூடுவதுதான் முறை. அவசரப்பட்டால், செக்கச்சிவந்த பீங்கானில் ஈர விறகின் ஆவி அடிக்கும். சூடான கண்ணாடித் தம்ளரில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். மெல்லிய கீறல் விழுந்தால் பயமில்லை. உதிர ஆரம்பித்தால் சில நூறு டாலர் செலவு.

● தேன்கூடு சிவப்பாக ஒளிராவிட்டால் வேலை செய்யவில்லை என்று பலரும் பதறுகிறார்கள். குறைந்த சூட்டில் ஒளிராமலேயே அது புகையைத் தின்றுகொண்டிருக்கும். முள்ளை நம்புங்கள்.

● கதவின் கயிறு கேஸ்கெட் தளர்ந்ததா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்றும் நேரம். (நம்மூர்ப் பத்து ரூபாய் நோட்டுக்கும் இந்தத் தகுதி உண்டு.)

● தேன்கூட்டில் படிந்த சாம்பலை, அடுப்பு ஆறிய பின் மென்மையான தூரிகையாலும் உறிஞ்சியாலும் எடுப்பார்கள். கம்பியால் குத்தினால் சாம்பலோடு பல்லேடியமும் போய்விடும். மந்தமான பீங்கான் தேன்கூட்டுக்குக் கடைசி வைத்தியம் ஒன்று: வெள்ளை வினிகரும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்து, அதில் அரை மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து, வடித்த நீரிலேயே அலசி உலர்த்துவது. பித்தளைச் சொம்புக்குப் புளி போல. குழாய்த் தண்ணீர் கூடாது. அதன் உப்புகள் திரும்பவும் படியும்.

● மங்கிய கண்ணாடிக் கதவைத் துடைக்க ஈரக் காகிதத்தை அடுப்புச் சாம்பலில் தொட்டாலே போதும். சாம்பலை முழுக்க வாரிவிடாதீர்கள். ஓர் அங்குலம் கிடந்தால் கங்கு அணையாமல் இருக்கும். வாரிய சாம்பல் மூடியுள்ள தகர வாளியில், வீட்டுக்கு வெளியே. நீறு பூத்த கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும்.

● வருடம் ஒருமுறை புகைபோக்கியைச் சோதிக்க ஆள் வரவேண்டும். உள்ளே படியும் கிரியோசோட் தாராகக் கெட்டிப்பட்டுத் தீப்பிடிக்கும். மற்ற நாள்களில் சோதனை இலவசம்: பைபாஸை மூடிய சிறிது நேரத்தில் வெளியே போய் அண்ணாந்து பாருங்கள். வெள்ளையாகக் கிளம்பிச் சட்டென்று கரைந்தால் அது நீராவி. நீலச் சாம்பல் நிறத்தில் தெருவோடு இழுபட்டால் புகை. தேன்கூடு பட்டினி கிடக்கிறது. மைனஸ் 40இல் பார்ப்பதானால் தொப்பி போட்டுக்கொண்டு போங்கள்.