நோட்டுக் கட்டில் வீடு கட்டிய குழந்தைகள்!

குட்டீஸ்... பணக் கட்டுகளை அடுக்கி, வீடு கட்டி விளையாடி இருக்கிறீர்களா? 1923ம் ஆண்டு, ஜெர்மனியில் குழந்தைகள் அப்படித்தான் விளையாடினர். அந்தப் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்து விடாதீர்கள். அந்தக் கட்டுகளைக் கொடுத்தால், ஒரு மிட்டாய் கூட கிடைக்காது!

எப்படி இந்த நிலை வந்தது தெரியுமா?

முதல் உலகப் போர் செலவுக்காக, மக்களிடமே கடன் பத்திரம் விற்றது ஜெர்மனி அரசு. போரில் தோற்றதும், வென்ற நாடுகளுக்கு நஷ்ட ஈடு கட்ட வேண்டி வந்தது. 1923 ஜனவரியில், ரூர் என்ற நிலக்கரிப் பகுதியை பிரான்சும், பெல்ஜியமும் பிடித்துக் கொண்டன. அதை எதிர்த்து வேலைக்குப் போகாத தொழிலாளர்களுக்குச் சம்பளம் தர, நோட்டாக அச்சடித்துத் தள்ளியது அரசு. அவசரத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சான நோட்டுகளும் உண்டு!

கடையில் பொருள் கொஞ்சம். கையில் பணமோ மலை போல. விலை ஏறாமல் என்ன செய்யும்? இதுதான் பணவீக்கம்.

1914ல், ஒரு அமெரிக்க டாலர் வாங்க, 4.2 மார்க் போதும். 1923 நவம்பரில், 4,20,000 கோடி மார்க் தேவைப்பட்டது. பெர்லினில் ஒரு ரொட்டியின் விலை, சுமார் 20,000 கோடி மார்க். அப்பா சம்பளம் வாங்கியதும், அம்மா பையுடன் கடைக்கு ஓடுவார். மாலைக்குள் விலை ஏறி விடுமே!

பணத்தை வைத்திருக்கவே மக்கள் பயந்தனர். நகை, துணி, பியானோ என்று கிடைத்ததை வாங்கி வைத்தனர். பொருளுக்கு மதிப்பு இருந்தது, காகிதத்துக்கு இல்லை. நகரத்துக்காரர்கள், கைக்கடிகாரத்தையும், கம்பளத்தையும் கிராமத்துக்குத் தூக்கிப் போய், உருளைக்கிழங்கு வாங்கி வந்தனர்.

வீடு, நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். பழைய கடனை, சில்லறைக் காசு போல அடைத்து விட்டனர். பாவம், சிக்கனமாக வாழ்ந்தவர்கள்தான்! வங்கியில் பல வருடம் சேர்த்த பணம், ஒரு தபால் தலை வாங்கக் கூட போதவில்லை. ஓய்வூதியத்தை நம்பிய தாத்தா, பாட்டிகளும் தவித்தனர். இது நியாயமா, சொல்லுங்கள்?

1923 நவம்பரில், 'ரென்டன்மார்க்' என்ற புதிய பணம் வந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடி கொடுத்தால், புதியது ஒன்று! இதை அளவோடுதான் அச்சடித்தனர், விலைவாசி அடங்கியது. ஆனால், அரசை நம்பிப் பத்திரம் வாங்கியவர்களுக்கு, 1925ல் வந்த சட்டம், மிகச் சிறு பகுதியைத்தான் திருப்பித் தந்தது.