சுவரைப் பார்த்து டிரில் வாங்குங்கள்

காலையில் செங்கல் சுவரில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிய பிட், மத்தியானம் ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி மாட்டும்போது அரை அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி உடம்பு எடையை எல்லாம் கொடுத்து அழுத்துகிறார். பிட் சூடாகிறதே தவிர உள்ளே போவதில்லை. பூச்சுக்கு அடியில் இருப்பது லிண்டல், கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். டிரில் பழுதாகவில்லை. அதன் பலம் அவ்வளவுதான்.

பேட்டரி டிரில் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, “எத்தனை வோல்ட்?” என்று. அதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் தினமும் ஓட்டை போடுவது செங்கல்லிலா, கான்கிரீட்டிலா?

இரண்டு விதமான அடி

ஹாமர் டிரிலுக்குள் பல் வெட்டிய இரண்டு தகடுகள் எதிரெதிராக இருக்கின்றன. சுழலும்போது பல்மேல் பல் ஏறி விழுகிறது. அந்தத் துள்ளல்தான் அடி. நிமிடத்துக்கு 1,800 சுற்று, சுற்றுக்கு 15 பல் என்றால் 27,000 அடி. பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடுவது இந்த எண்ணைத்தான். எண் பெரிது, ஒவ்வொரு அடியும் மிகச் சிறிது. அதுவும் நீங்கள் அழுத்தினால்தான் பற்கள் ஒன்றையொன்று கவ்வும். ஆக, பாதி வேலை உங்கள் தோளுக்கு.

ரோட்டரி ஹாமர் வேறு வகை. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்த, அந்தக் காற்று ஓர் இரும்புக் கட்டியைத் தள்ளி பிட்டின் பின்பக்கத்தில் மோத வைக்கிறது. நிமிடத்துக்கு 4,000 முதல் 5,000 அடிதான். ஆனால் பேட்டரியில் ஓடும் சின்ன மெஷினில்கூட ஓர் அடி 2 ஜூல் அளவுக்கு இருக்கும். ஒரு கிலோ எடைக்கல்லை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. பிடித்துக்கொண்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை. இதற்கு 10 மி.மீ. தண்டில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட் வேண்டும். சாதாரண பிட் பொருந்தாது.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. நம் கடைகளில் ஹாமர் டிரிலை ‘இம்பாக்ட் டிரில்’ என்பார்கள். ‘இம்பாக்ட் டிரைவர்’ என்பது வேறு கருவி. அது திருகும் திசையில் மட்டும் அடிக்கும். ஸ்குரூ முடுக்கத்தான் உதவும். மாடல் எழுத்தைப் பார்த்தால் ஏமாற மாட்டீர்கள். போஷில் ஜிஎஸ்பி ஹாமர் டிரில், ஜிபிஎச் ரோட்டரி ஹாமர், ஜிஎஸ்ஆர் அடியே இல்லாத டிரில். மகிட்டாவில் டிஎச்பி ஹாமர் டிரில், டிஎச்ஆர் ரோட்டரி ஹாமர்.

எந்தச் சுவருக்கு எது?

செங்கல் சுவரில் 6, 8 மி.மீ. ஓட்டை, இடையிடையே மரம், இரும்பு, ஸ்குரூ வேலை என்று இருப்பவருக்கு ஹாமர் டிரிலே போதும். எப்போதாவது லிண்டல் குறுக்கிட்டாலும் பொறுமையாகச் சமாளிக்கலாம். ஃபால்ஸ் சீலிங், ஏசி ஸ்டாண்டு, கேபிள் ட்ரே என்று நாள் முழுக்க தளத்திலும் பீமிலும் ஆங்கர் அடிப்பவர் ரோட்டரி ஹாமர்தான் வாங்க வேண்டும். தலைக்கு மேலே கை தூக்கி நாற்பது ஓட்டை போடும்போது அழுத்த வேண்டாம் என்பதே பெரிய நிம்மதி.

அடியை நிறுத்திவிட்டுத் துளைக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஏஏசி பிளாக் மிருதுவானது; அடித்தால் ஓட்டை அகன்று பிளக் ஆடும். ஹாலோ பிளாக்கின் உள்சுவர் பின்பக்கம் பெயர்ந்து விழும். டைல்ஸில் அதற்குரிய பிட் போட்டு, அதைத் தாண்டும்வரை வெறும் சுழற்சிதான். சுவர் வந்த பிறகு அடி.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

18 வோல்ட், 20 வோல்ட் இரண்டும் ஒன்றே. உள்ளே இருப்பது ஐந்து லித்தியம் செல். செல்லுக்கு 3.6 என்று கணக்கிட்டால் 18. முழு சார்ஜில் 4 என்று கணக்கிட்டால் 20. மூன்றே செல் உள்ள 12 வோல்ட் மெஷின் கைக்கு அடக்கமானது. ஆனால் சுவர் வேலையைத் தொழிலாகச் செய்பவருக்குப் பற்றாது. எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கு வோல்ட்டையும் ஆம்பியர் ஹவரையும் பெருக்குங்கள்: 18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 72 வாட் ஹவர்.

பிரஷ்லெஸ் மோட்டார் விலை கூடுதல். ஆனால் கார்பன் தேய்ந்து மாற்றும் வேலை இல்லை, அதே சார்ஜில் கூடுதல் ஓட்டைகள் கிடைக்கும். தினசரி வேலைக்கு அந்தப் பணம் திரும்பி வந்துவிடும். பக்கவாட்டுக் கைப்பிடி இல்லாமல் வாங்காதீர்கள். பிட் கான்கிரீட் கம்பியில் சிக்கினால் மெஷின் சுழன்று மணிக்கட்டை முறுக்கிவிடும். கம்பி தட்டுப்பட்டால் மல்லுக்கட்டாமல் ஓட்டையைத் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் பிட்டின் கார்பைடு முனை தெறிக்கும்.

வாங்கும்போது உண்மையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது பேட்டரியை. ஒரு கம்பெனி பேட்டரி பெரும்பாலும் இன்னொன்றின் மெஷினில் ஏறாது. நாளை கிரைண்டர், ரோட்டரி ஹாமர் வாங்கினாலும் அதே பேட்டரி பொருந்துமா, உங்கள் ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். கைக்குட்டை அதைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வேண்டும். ஓட்டைக்குள் தங்கும் தூளையும் எடுத்துவிட்டு ஆங்கர் போடுங்கள், அப்போதுதான் பிடிக்கும்.

கடையில் மெஷினை வெறும் காற்றில் சுழற்றிக் காட்டுவார்கள். காற்றில் எல்லா டிரில்லும் நன்றாகத்தான் ஓடும். சைட்டில் உடைந்து கிடக்கும் ஒரு கான்கிரீட் துண்டைக் கையோடு கொண்டுபோய், அதில் ஓட்டை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.