காப்பியைச் சோதிக்க எந்தக் கேத்தல்?

மாணவர்களே, பீடோர் போன்ற தாழ்நில ஊர்களில் நீர் ஏறக்குறைய 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். அதே கேத்தலைத் தாப்பா வழியாக மலையேறித் தானா ராத்தாவுக்குக் கொண்டு செல்லுங்கள். சுமார் 1,400 மீட்டர் உயரமுள்ள அங்கே காற்றழுத்தம் குறைவு. நீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே, ‘கொதித்தால் போதும்’ என்பது அறிவியலில் அளவாகாது.

காப்பி வகைகளை ஒப்பிட்டுச் சுவைப்போர், ஒவ்வொரு கிண்ணத்திலும் 8.25 கிராம் தூளிட்டு, சுமார் 93 பாகைச் சூட்டில் 150 மில்லிலிட்டர் நீர் ஊற்றுவர். நான்கு நிமிடம் கழித்து, மிதக்கும் தூளைக் கரண்டியால் கலைத்து முகர்வர். சற்று ஆறியதும் சுவைப்பர்.

இங்கே காப்பி வகைதான் தற்சார்பு மாறி. நீரின் சூடும் அளவும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். சூடு கூடினால் தூளிலிருந்து அதிகப் பொருள்கள் கரையும். கடைசிக் கிண்ணத்துக்கு மட்டும் ஆறிய நீர் போனால், சுவை மாறியது காப்பியாலா, நீராலா?

எனவே கேத்தலில் மூன்றைக் கவனியுங்கள்.

கொள்ளளவு: ஐந்து கிண்ணங்களுக்கு 750 மில்லிலிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் கேத்தல் போதும்.

வெப்பநிலை: அளவு காட்டும் கேத்தல் நல்லது; இல்லையேல் வெப்பமானி வேண்டும்.

மூக்கு: நீண்டு மெலிந்த மூக்கில் நீர் மெல்ல வரும், அது வடிகட்டும் காப்பிக்கு ஏற்றது. சோதனையில் எல்லாக் கிண்ணங்களும் விரைவாக நிரம்ப வேண்டும். அதற்கு அகன்ற மூக்கே சிறந்தது.

பெரியவர் துணையுடன் நீங்களும் சோதியுங்கள். ஒரே தூள், ஒரு கிண்ணத்தில் 93 பாகை நீர், மற்றதில் 70 பாகை நீர். எதில் கசப்பு அதிகம்?