எழுதப்படாததைப் படித்தல்: யானைமலைக் கல்வெட்டுத் தரவும் ஜாவாவில் மாதிரிக் கோப்புகளைப் பாகுபடுத்துதலும்

ஆய்வுச்சுருக்கம்

மென்பொருள் மாதிரியைச் சேமித்த கோப்பு ஒன்றில் எழுத்தாக நிற்பது அதன் பொருளில் ஒரு பகுதியே. எஞ்சிய பகுதியை அக்கோப்பின் இலக்கணமாகிய மீமாதிரி தருகிறது. மதுரை ஒத்தக்கடையை அடுத்த யானைமலையின் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஜாவா மொழியில் இத்தகைய கோப்புகள் எவ்வாறு எழுதப்படுகின்றன, எவ்வாறு படிக்கப்படுகின்றன, எவ்விடங்களில் பிழையறிவிப்பு ஏதுமின்றித் தவறாகப் படிக்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொடராக்கம், பாகுபடுத்துதல், மீமாதிரி, எக்ஸ்எம்ஐ, ஜாவா, யானைமலை, தமிழ்ப் பிராமி

முன்னுரை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையைக் கடப்போர் கண்ணில் யானைமலை படாமல் போகாது. அம்மலையின் இயற்கைக் குகைத்தளத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. சமணச் சிற்பங்களின் கீழ் வட்டெழுத்துப் பொறிப்புகள் உண்டு. மலையடியில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலில் வட்டெழுத்தில் தமிழும் கிரந்தத்தில் வடமொழியுமாக இரண்டு கல்வெட்டுகள் உள்ளன.

இவற்றைக் கணினித் தரவாக்க முனையும் ஆய்வாளர், கல்வெட்டு, நபர், கோயில் என வகுப்புகளை வகுத்து, ஒவ்வொன்றையும் நிரற்பொருளாக அமைப்பார். நிரல் நின்றவுடன் நினைவகத்தில் இருந்த அவ்வமைப்பு முழுவதும் மறையும். அதனை வட்டில் தங்கும் கோப்பாக எழுதிவைத்தல் தொடராக்கம் எனப்படும். அக்கோப்பிலிருந்து அதே அமைப்பை மீட்டெடுப்பது பாகுபடுத்துதலின் பணி. எழுதியவரே மறுநாள் படிக்கும்போது பெரும்பாலும் சிக்கல் எழுவதில்லை. ஆய்வேடு முடிந்து அவர் துறையை விட்டுச் சென்றபின், வேறொருவர் வேறொரு கணினியில் திறக்கும்போதுதான் கோப்பின் தரம் வெளிப்படுகிறது. கோப்பு திறக்க மறுத்தால் இழப்பு கண்ணுக்குத் தெரியும். திறந்துகொண்டு தவறான செய்தியைத் தந்தால் அது அடுத்த ஆய்வேட்டுக்குள் மேற்கோளாகப் புகுந்துவிடும்.

கல்வெட்டிலிருந்து மாதிரிக்கு

நரசிங்கப் பெருமாள் கோயிலைக் குடைவித்தவர் மாறன் காரி. இவர் பராந்தக நெடுஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனின் அமைச்சர். வடமொழிக் கல்வெட்டு கலியாண்டு 3871 எனக் காலம் குறிக்கிறது. கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்கு நடைபெறும் முன்பே மாறன் காரி இறந்தார் என்றும், அவருடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்துப் பணியை நிறைவேற்றினார் என்றும் தமிழ்க் கல்வெட்டு கூறுகிறது.

இச்செய்தியை மாதிரியாக்கும்போது மூன்று வகைத் தொடர்புகள் தோன்றுகின்றன. கோயில் தன்னுள் கல்வெட்டுகளைக் கொண்டிருக்கிறது. இது உள்ளடக்கத் தொடர்பு. கல்வெட்டு ஒரு நபரைக் குறிப்பிடுகிறது, இது சுட்டு. காரிக்குத் தம்பி எயினன், எயினனுக்குத் தமையன் காரி. இது இருவழிச் சுட்டு. மூன்றாவது வகையே தொடராக்கத்திற்குச் சோதனை. காரியை எழுதும்போது அவருள் தம்பியையும், தம்பியை எழுதும்போது அவருள் தமையனையும் முழுமையாக எழுதப் புகுந்தால் எழுத்து முடிவின்றிச் சுழலும். எனவே ஒவ்வொரு நபரையும் ஒருமுறை மட்டும் எழுதி, மற்ற இடங்களில் அவரைச் சுட்டும் அடையாளத்தை இடுவது எல்லாத் தொடராக்க முறைகளுக்கும் பொதுவான தீர்வு. அவ்வடையாளம் எத்தன்மையது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

ஜாவாவின் உள்ளமைந்த தொடராக்கம்

1997இல் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்பு முதல் அம்மொழியிலேயே ஒரு தொடராக்க வசதி உள்ளது. வகுப்பு ‘சீரியலைசபிள்’ என்று அறிவிக்கப்பட்டால் போதும்; சுழற்சுட்டு உட்பட அனைத்தையும் ஜாவா தானே எழுதிப் படித்துவிடும். இவ்வகைக் கோப்புகளின் முதல் நான்கு பைட்டுகள் பதின்ம எண்ணில் 172, 237, 0, 5 என அமையும். பழைய வட்டு ஒன்றில் பின்னொட்டில்லாத கோப்பு அகப்பட்டால் இந்நான்கு எண்களைக் கொண்டு அதன் இனத்தை அறியலாம்.

எளிமையின் விலை பின்னர் தெரிகிறது. கோப்பில் வகுப்பின் பெயரும் ஒரு பதிப்பெண்ணும் பதிவாகின்றன. அப்பதிப்பெண்ணை நிரலர் தாமே அறிவிக்காவிட்டால் வகுப்பின் பெயர், புலங்கள், செயற்கூறுகள் ஆகியவற்றிலிருந்து ஜாவா அதனைக் கணக்கிட்டுக்கொள்ளும். பின்னாளில் கலியாண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றும் பொதுச் செயற்கூறு ஒன்றைக் கல்வெட்டு வகுப்பில் சேர்த்தால் பதிப்பெண் மாறும். தரவு எதுவும் மாறாதபோதும் பழைய கோப்பு ஏற்கப்படாது. வகுப்பின் நிரலே தொலைந்துவிட்டால், உள்ளிருக்கும் பெயர்களைப் பைட்டு பைட்டாகத் துழாவி எடுப்பது தவிர வேறு வழி அரிது. அயலார் தரும் கோப்பைச் சோதியாமல் திறப்பது பாதுகாப்புக்கும் கேடு; இதற்கென வடிகட்டி வசதி ஜாவா 9இல் சேர்க்கப்பட்டது. சில மணி நேரத்திற்கான இடைச்சேமிப்புக்கு இம்முறை பொருந்தும். ஆவணக் காப்பகத்திற்குப் பொருந்தாது.

எக்ஸ்எம்ஐ கோப்பும் அதன் மீமாதிரியும்

மாதிரிகளைக் கருவிக்குக் கருவி கொண்டுசெல்வதற்காக ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் அமைப்பு வகுத்த வடிவம் எக்ஸ்எம்ஐ. இது எக்ஸ்எம்எல் அடிப்படையிலானது. ஐஎஸ்ஓ 19509:2014 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. ஜாவாவில் இதனைக் கையாளப் பெரிதும் பயன்படுவது எக்லிப்ஸ் திட்டத்தின் ஈஎம்எஃப் நூலகம். இதில் தரவு ஒரு கோப்பாகவும், ‘கல்வெட்டுக்கு மொழி என்னும் பண்பு உண்டு’, ‘நபருக்குத் தமையன் என்னும் சுட்டு உண்டு’ போன்ற விதிகள் ஈகோர் என்னும் மற்றொரு கோப்பாகவும் நிற்கும். விதிக்கோப்பே மீமாதிரி. ஜாவா, எக்ஸ்எம்எல் இரண்டுமே தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் வகுப்புக்கும் பண்புக்கும் தமிழிலேயே பெயரிடத் தடையில்லை. தமிழாய்வுத் துறைகள் இவ்வாய்ப்பைக் குறைவாகவே பயன்படுத்துகின்றன.

தரவுக்கோப்பின் தலைப்பகுதியில் மீமாதிரியின் பெயர்வெளி முகவரி இருக்கும். அது இணையத்தில் சென்று தேடும் முகவரியன்று. அடையாளப் பெயர் மட்டுமே. படிக்கும் நிரல் அப்பெயருக்குரிய மீமாதிரியைத் தன் பதிவேட்டில் முன்னரே சேர்த்திருக்க வேண்டும். எக்லிப்ஸ் சூழலுக்குள் இது தானாக நிகழ்கிறது. தனித்தியங்கும் நிரலில் நிகழ்வதில்லை. எக்லிப்ஸில் நன்கு திறந்த கோப்பு, வெளியே ‘தொகுதி காணப்படவில்லை’ என்னும் பிழையுடன் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

படிக்கும் வரிசை பின்வருமாறு அமையும். முதலில் கோப்புப் பின்னொட்டுகளுக்குரிய படிப்பான்களைப் பதிய வேண்டும். அடுத்து ஈகோர் கோப்பை ஏற்றி, அதிலுள்ள தொகுதியை அதன் பெயர்வெளி முகவரியுடன் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பிறகு தரவுக்கோப்பை ஏற்ற வேண்டும். இவ்வழியில், எழுதியவர் உருவாக்கிய ஜாவா வகுப்புகள் இல்லாமலேயே நிரற்பொருள்கள் உருவாகும். பண்புகளைப் பெயர் சொல்லிக் கேட்டுப் பெறலாம். உள்ளமைந்த தொடராக்கத்திற்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே. வேறு கோப்பிலுள்ள நபரைச் சுட்டும் இடத்தில் முதலில் நிழற்பொருள் ஒன்றே அமர்ந்திருக்கும், கேட்கும்போதுதான் உரியவர் தேடப்படுவார் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஏற்றியவுடன் எல்லாச் சுட்டுகளையும் தீர்த்துவிடுமாறு பணித்தால் அறுந்த சுட்டுகள் அப்போதே தெரியவரும்.

இடஞ்சுட்டும் அடையாளத்தின் இடர்

ஈஎம்எஃப், வேறாகச் சொல்லப்படாதவரை, ஒரே கோப்பினுள் உள்ள ஒருவரை அவர் நிற்கும் இடத்தைக் கொண்டே சுட்டுகிறது. நபர் பட்டியலில் காரி 0ஆம் இடத்திலும் எயினன் 1ஆம் இடத்திலும் இருந்தால், எயினனின் தமையன் ‘நபர்.0’ என்று எழுதப்படுவார். பின்னர் ஒருவர் உரைத்தொகுப்பியில் அக்கோப்பைத் திறந்து, மன்னனுக்கு முதலிடம் தருவதே முறை எனக் கருதி, நெடுஞ்சடையனைப் பட்டியலின் தலையில் சேர்க்கிறார் எனக் கொள்வோம். இப்போது 0ஆம் இடத்தில் இருப்பவர் மன்னர். கோப்பு இலக்கணப் பிழையின்றித் திறக்கும். எயினன் பாண்டிய மன்னனின் தம்பியாகிவிடுவார்.

நபருக்கென ஓர் அடையாளப் பண்பை மீமாதிரியிலேயே வரையறுத்தால் இவ்விடர் நீங்கும். சுட்டு அவ்வடையாளத்தைக் கொண்டு எழுதப்படும். பிற்காலத்தில் சேர்ப்பது எளிதன்று என்பதால் முதல் நாளே செய்யத்தக்க பணி இது.

எழுதாமல் விட்டதன் பொருள்

இன்னும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. அதனை விளக்க இவ்வட்டாரத்துக் குகைக் கல்வெட்டுகளே துணைபுரிகின்றன. மாங்குளம் முதலிய இடங்களின் பிராமி எழுத்துகளை வடபுலப் பிராகிருத முறைப்படி படித்தபோது அவை பொருந்தாச் சொற்களாகவே நின்றன. அவற்றின் மொழி தமிழ் என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். எழுத்துமுறையின் வேறுபாடுகளை ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தம் பெருநூலில் விரிவாக முறைப்படுத்தினார். வடபுல முறையில் உயிர்க்குறி இல்லாத ககர வடிவம் ‘க’ ஆகும். அகரம் அதனுள் உறைகிறது. தமிழ்ப் பிராமியின் முதல் முறையில் சொல்லின் இடையிலோ இறுதியிலோ குறியின்றி நிற்கும் அதே வடிவம் ‘க்’ என்னும் மெய்; பக்கக்கோடு பெற்றால் ‘க’ எனவும் ‘கா’ எனவும் இடம் நோக்கிப் படிக்கப்படும். பாறையில் உள்ள கோடுகள் மாறவில்லை. குறியில்லாமைக்கு என்ன மதிப்பு என்னும் விதி மாறுகிறது, சொல்லே வேறாகிறது.

எக்ஸ்எம்ஐ கோப்பிலும் குறியில்லாமைக்கு மதிப்பு உண்டு. ஒரு பண்பின் மதிப்பு, மீமாதிரி கூறும் முன்னிருப்பு மதிப்பாகவே இருந்தால் ஈஎம்எஃப் அதனைக் கோப்பில் எழுதுவதில்லை. மொழி என்னும் பண்புக்குத் தமிழ், வடமொழி, பிராகிருதம் என்னும் பட்டியலை வகுத்து முன்னிருப்பு எதையும் தனியே குறிக்காவிட்டால், பட்டியலின் முதல் உறுப்பே முன்னிருப்பாகும். எனவே வடமொழிக் கல்வெட்டில் மட்டும் மொழி எழுதப்படும். தமிழ்க் கல்வெட்டுகளில் அப்பண்பே காணப்படாது. சில ஆண்டுகள் கழித்து ஒருவர் அப்பட்டியலை அகரவரிசைப்படுத்தி ஒழுங்கு செய்கிறார். அகரவரிசையில் முதலில் நிற்பது தமிழ், கேடு நேரவில்லை. அடுத்தவர் கொங்கணியையோ கன்னடத்தையோ பட்டியலின் தலையில் சேர்க்கிறார். அக்கணமே கோப்பில் குறியின்றி நிற்கும் அத்தனை தமிழ்க் கல்வெட்டுகளும் அம்மொழியினவாகப் படிக்கப்படும். தரவுக்கோப்பில் ஒரு பைட்டும் மாறியிராது. முன்பின் ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தக் கருவியும் இதனைக் காட்டாது.

தீர்வு மூவகையில் அமையும். பட்டியலின் முதல் உறுப்பாக ‘குறிக்கப்படவில்லை’ என்பதை வைப்பது ஒன்று, இதுவே சிறந்தது. முன்னிருப்பு மதிப்புகளையும் எழுதுமாறு சேமிக்கும்போதே பணிப்பது மற்றொன்று. ஈஎம்எஃப் நூலகத்தில் இதற்கான தெரிவு உண்டு, கோப்பு சற்றுப் பருக்கும். மீமாதிரியின் பொருள் மாறும் ஒவ்வொரு முறையும் பெயர்வெளி முகவரியில் பதிப்பெண்ணை மாற்றுவது மூன்றாவது. அப்போது பழைய கோப்பு புதிய விதியால் தவறாகப் படிக்கப்படுவதற்கு மாறாக, திறக்க மறுக்கும்.

தமிழ் எழுத்து துண்டாகும் இடங்கள்

ஈஎம்எஃப் இன்றித் தாமே எக்ஸ்எம்எல் பாகுபடுத்தியை எழுதுவோர் பலர். கோப்பு முழுவதையும் நினைவகத்தில் மரமாக எழுப்பும் டாம் முறை சிறு கோப்புகளுக்குப் போதும். பெருங்கோப்புகளுக்கு நிகழ்வு நிகழ்வாகச் செய்தி தரும் சாக்ஸ் முறை ஏற்றது. ஆயின் சாக்ஸ் ஒரு பனுவலை ஒரே தவணையில் தரும் என்னும் உறுதி இல்லை. ‘மாறன் காரி’ என்னும் பெயர் ‘மாறன் க’ என ஒரு தவணையிலும், துணைக்காலும் ‘ரி’யும் அடுத்த தவணையிலும் வரக்கூடும். ஒவ்வொரு தவணையையும் தனி மதிப்பாகக் கொள்ளும் நிரல், கடைசித் துண்டை மட்டும் பெயராகச் சேமிக்கும். உறுப்பு முடியும் வரை துண்டுகளைச் சேர்த்துவைத்து, முடிவுக்குறி வந்தபின்பே மதிப்பாகக் கொள்ள வேண்டும். சிறு சோதனைக் கோப்புகளில் இப்பிழை பெரும்பாலும் தோன்றாது; பாகுபடுத்தியின் இடைத்தாங்கி நிரம்பும் அளவுக்குக் கோப்பு வளர்ந்தபின்பே தலைகாட்டும்.

குறியாக்கம் அடுத்தது. ஜாவா 18க்கு முன் கோப்பின் இயல்பான குறியாக்கம் இயங்குதளத்தைப் பொறுத்திருந்தது. அப்பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 பொதுவானது. எப்பதிப்பாயினும் பாகுபடுத்திக்கு எழுத்தோடையைத் தராமல் பைட்டோடையைத் தருவதே நன்று. கோப்பின் முதல் வரியிலுள்ள அறிவிப்பைப் படித்துக் குறியாக்கத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

‘கோயில்’ என்னும் சொல்லின் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, துணைக்கால் என இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது; ஜாவாவின் ஒப்பீட்டில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். அடையாளப் பண்பில் இவ்வேறுபாடு புகுந்தால் சுட்டு அறுந்துவிடும். ஆதலால் படித்தவுடன் ‘நார்மலைசர்’ வகுப்பால் எல்லாப் பனுவலையும் ஒருவடிவப்படுத்துதல் வேண்டும். நிலக்கொடைக் கல்வெட்டுகளில் வரும் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0 பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. ஜாவாவில் இவை ஒவ்வொன்றும் இரண்டு ‘சார்’ இடங்களைக் கொள்ளும் என்பதால், எழுத்தெண்ணிச் சரத்தை வெட்டும் நிரல்கள் இவற்றைப் பாதியில் முறிக்கும்.

ஏற்றிய பின் செய்யும் சரிபார்ப்பு

கோப்பு திறந்ததையே சரிபார்ப்பாகக் கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. ஈஎம்எஃப் ஏற்றும்போது நேர்ந்த பிழைகளையும் எச்சரிக்கைகளையும் தனிப் பட்டியல்களில் வைக்கிறது. அவை வெறுமையாக உள்ளனவா என்று காண வேண்டும். அதன்பின் எழுதியவர் விட்டுச்சென்ற எண்ணிக்கையுடன் ஒப்பிட வேண்டும்: கல்வெட்டுகள் எத்தனை, மொழிவாரியாக எத்தனை, தீராத சுட்டுகள் எத்தனை. இவ்வெண்ணிக்கைகளைத் தரவுக்கோப்புடனும் ஈகோர் கோப்புடனும் சேர்த்து எளிய உரைக்கோப்பாக ஒரே உறையில் வைப்பதற்கு ஆய்வாளருக்கு ஒரு நாழிகைக்கு மேல் ஆகாது. மொழிவாரி எண்ணிக்கை ஒன்று இருந்திருந்தால், மேலே கண்ட பட்டியல் மாற்றம் முதல் ஏற்றத்திலேயே வெளிப்பட்டிருக்கும்.