நிகழ்பட விளையாட்டுகளில் கட்டணக் கூடுதல் உள்ளடக்கமும் நுகர்வோர் நியாயமும்

ஆய்வுச் சுருக்கம்

நிகழ்பட விளையாட்டை விலைகொடுத்து வாங்கியவரிடம் அதன் கூடுதல் பகுதிகளுக்குத் தனிக் கட்டணம் பெறுவது நியாயமானதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. 2006 முதல் 2025 வரையிலான சில நிகழ்வுகளை ஒப்பிட்டு, நியாயத்தை அளக்கும் அளவுகோல் உள்ளடக்கம் உருவான காலமோ அது இருக்கும் இடமோ அன்று. வாங்குபவர் முன்கூட்டியே அறியும் வாய்ப்பே என்பதை இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, தரவிறக்க உள்ளடக்கம், நுகர்வோர் உரிமை, பரிசுப்பெட்டி, உரிமம்.

முன்னுரை

இணையவழி விற்பனை பரவும் முன்பும் விளையாட்டுகளுக்கு விரிவாக்கத் தொகுப்புகள் தனியே விற்கப்பட்டன. அவை வட்டுகளாகக் கடைக்கு வந்தமையால், தயாரிப்புச் செலவுக்கு ஈடான அளவு உள்ளடக்கம் அவற்றில் இருக்க வேண்டியிருந்தது. தரவிறக்கமுறை அத்தடையை நீக்கியது. மிகச் சிறிய பொருளையும் தனியே விலைப்படுத்த முடிந்தது. 2006இல் பெதஸ்டா நிறுவனம் 'ஒப்லிவியன்' விளையாட்டில் குதிரைக் கவசம் ஒன்றை 2.50 டாலருக்கு விற்றுப் பரவலான ஏளனத்துக்கு உள்ளானது. எனினும் அங்குப் பொருளும் விலையும் வெளிப்படையாக இருந்தன. வாங்காதவர் விளையாட்டில் எதையும் இழக்கவில்லை. மதிப்புக் குறைந்த பொருளை விற்பதும் நியாயமற்ற முறையில் விற்பதும் வேறு வேறு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

வட்டில் பூட்டப்பட்ட உள்ளடக்கம்

2012இல் காப்காம் நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' வட்டிலேயே 12 கதைமாந்தர்கள் பூட்டிய நிலையில் இருந்தமை தெரியவந்தது. அவர்களைத் திறக்கத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும். 'வட்டு என்னுடையது, ஆகவே அதிலுள்ளதும் என்னுடையது' என்பது விளையாடுவோரின் வாதம். இவ்வாதம் முழுமையானதன்று. அதே கதைமாந்தர்கள் பின்னர் தரவிறக்கமாக வந்திருந்தாலும் வாங்குபவர் பெறுவதில் வேறுபாடு இராது.

அதே ஆண்டு வெளியான 'மாஸ் எஃபெக்ட் 3' விளையாட்டுக்கு, வெளியீட்டு நாளிலேயே 'ஃப்ரம் ஆஷஸ்' என்னும் பகுதி 10 டாலருக்கு விற்கப்பட்டது. தொடரின் கதைக்கு மையமான, அழிந்துபோன இனமொன்றின் எஞ்சிய ஒருவன் அதில் இடம்பெற்றான். இங்கு எழும் குறைக்கு வலு உண்டு. அடிப்படைப் பதிப்பில் இயல்பாக எதிர்பார்க்கத்தக்க ஒன்று அதில் இல்லை என்பதை வாங்குபவர் பணம் செலுத்தும் முன் அறிந்தாரா என்பதே வினா.

விலை குறித்த வாதம்

அமெரிக்காவில் பெரிய விளையாட்டுகளின் விலை 2005 முதல் 2020 வரை பெரும்பாலும் 60 டாலராகவே நிலைத்தது. உருவாக்கச் செலவோ உயர்ந்தது. அவ்விடைவெளியைக் கூடுதல் உள்ளடக்கம் நிரப்புகிறது என்பது வெளியீட்டாளர் தரப்பு. இது வருவாயின் தேவையை விளக்குமேயன்றி மறைப்பை நியாயப்படுத்தாது. 2015இல் வெளியான 'தி விட்சர் 3' 16 சிறு உள்ளடக்கங்களை இலவசமாக அளித்து, இரு பெரிய விரிவாக்கங்களுக்கு மட்டுமே கட்டணம் பெற்றது. கட்டணமும் நன்மதிப்பும் ஒருங்கே இயலும் என்பதற்கு இது சான்று.

அறியாமல் வாங்குதல்

உள்ளே இருப்பது தெரியாமல் வாங்கப்படும் பரிசுப்பெட்டிகளில் சிக்கல் கூர்மையடைகிறது. 2017இல் 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2' எதிர்கொண்ட எதிர்ப்பால், வெளியீட்டுக்குச் சற்றுமுன் விளையாட்டினுள் பணம் செலுத்தும் வசதியை இ.ஏ. நிறுவனம் நிறுத்தியது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளின் பரிசுப்பெட்டிகளைச் சட்டமீறல் என அறிவித்தது. நெதர்லாந்திலோ இ.ஏ. நிறுவனத்துக்கு விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை உயர் நிர்வாக நீதிமன்றம் 2022இல் நீக்கியது. சூதாட்டமா என்பதில் நாடுகள் வேறுபடலாம். வாங்குபவர் தாம் பெறுவதை அறிவதில்லை என்பதில் ஐயமில்லை.

தாம் வாங்குகிறோம் என்பதையே அறியாத நிலையும் உண்டு. 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் குழப்பமான பொத்தான் அமைப்பால் விரும்பாத கட்டணங்கள் விதிக்கப்பட்டன என்ற வழக்கில், எபிக் நிறுவனம் 24.5 கோடி டாலரைத் திருப்பியளிக்க உடன்பட்டதாக அமெரிக்க வணிக ஆணையம் 2022இல் அறிவித்தது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2023இல் வெளியான வழிகாட்டுதல்கள் இத்தகைய 13 ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. அவை விளையாட்டுகளுக்கென வகுக்கப்பட்டவை அல்லவெனினும் இவ்வாய்வுக்கு உதவுவன.

உடைமையின் காலம்

யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று 'தி க்ரூ' விளையாட்டின் வழங்கிகளை நிறுத்தியபோது, அடிப்படை விளையாட்டும் அதற்கென வாங்கிய விரிவாக்கங்களும் ஒருங்கே பயனற்றுப்போயின. வாங்கியது உடைமையன்று, உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்னும் கலிஃபோர்னியச் சட்டம் 2025இல் நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

கட்டணக் கூடுதல் உள்ளடக்கம் தன்னளவில் அநீதியன்று. என்ன கிடைக்கும், அடிப்படைப் பதிப்பில் எது இல்லை, எவ்வளவு செலவாகும், எத்தனை காலம் பயன்படும் ஆகிய நான்கு வினாக்களுக்கும் பணம் செலுத்தும் முன்பே விடை கிடைப்பின் அவ்விற்பனை நியாயமானது. இவற்றுள் இறுதி வினாவுக்கான விடையே இன்று மிக அரிதாகக் கிடைக்கிறது. நுகர்வோர் சட்ட ஆய்வு இனிக் கவனம் செலுத்த வேண்டிய இடமும் அதுவே.