ஒட்டுப் போடுவது வெட்கமா? வீட்டிலேயே செய்யலாம் ‘பேட்ச்’!

பள்ளி விட்டு வரும் பிள்ளையின் விளையாட்டுக் காற்சட்டையில் முட்டி கிழிந்திருக்கிறது. மற்றபடி துணி நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. அப்படியே அனுப்பவும் முடியவில்லை. என்ன செய்வீர்கள்?

தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் இதற்கெல்லாம் யோசித்ததில்லை. பழைய துணியில் ஒரு துண்டை வெட்டி ஒட்டுப் போட்டுவிடுவார்கள். ஒட்டுப் போட்ட சட்டை வறுமையின் அடையாளம் என்று அடுத்த தலைமுறை அதை மறைக்கப் பார்த்தது. இன்றோ ஜீன்ஸ், தொப்பி, பை எல்லாவற்றிலும் ‘பேட்ச்’ வைத்ததையே இளைஞர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

சட்டையில் சின்னம் பொருத்துவது நமக்குப் புதிதல்ல. 2025 ஏப்ரல் 21 முதல் பள்ளிச் சீருடையில் ஜாலூர் கெமிலாங் சின்னம் கட்டாயமானதும் நாம் அறிந்ததே. இஸ்திரிப் பெட்டி இருந்தால் நமக்குப் பிடித்த பேட்சையும் நாமே செய்யலாம்.

தேவையானவை

பருத்தித் துணித் துண்டு, சூட்டில் உருகும் இருபக்கப் பசைத் தாள் (தையல் பொருள் கடைகளில் கேளுங்கள்), பேக்கிங் தாள், கத்தரிக்கோல். மிஞ்சிய பாத்தேக் துணி மிக அழகாக இருக்கும். பழைய புடவைக் கரை என்றால் ஜரிகையைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் இழையாக இருந்தால் சூட்டில் சுருங்கிவிடும்.

செய்முறை

1. துணியையும் உடையையும் துவைத்து நன்றாகக் காய வையுங்கள்.

2. பசைத் தாளின் காகிதப் பக்கத்தில் படத்தை வரையுங்கள். எழுத்தாக இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். மறந்தால் பிள்ளையின் பெயர் தலைகீழாகப் போய்விடும்!

3. பசைப் பக்கத்தைத் துணியின் பின்புறத்தில் வைத்துச் சில விநாடிகள் இஸ்திரி போடுங்கள். ஆறியதும் கோட்டின்படி வெட்டுங்கள். கூர்மையான மூலைகள் சீக்கிரம் கிளம்பும். வளைவாக வெட்டுவது நல்லது.

4. காகிதத்தை உரித்து, பேட்சை உடையில் வையுங்கள். கிழிசல் இருந்தால் உடையின் உள்ளேயும் பேக்கிங் தாள் வையுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை வழியாக இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

5. மேலே பேக்கிங் தாளை மூடி, நீராவி இல்லாமல் 10 முதல் 15 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள், பேட்ச் நகர்ந்துவிடும். சூட்டின் அளவுக்குப் பாக்கெட்டில் உள்ள குறிப்பைப் பாருங்கள்.

6. முழுதும் ஆறும்வரை தொடாதீர்கள். பசை ஆறும்போதுதான் இறுகும். ஓரம் கிளம்பினால் மீண்டும் சூடு கொடுங்கள்.

முட்டி மடங்கி மடங்கி நீளும் இடம். அங்கே பசையை மட்டும் நம்பாமல் ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் போடுங்கள். முதல் துவைப்புக்கு ஒரு நாள் பொறுத்திருங்கள். பிறகு உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்தால் பேட்ச் நீடிக்கும்.

எதில் கூடாது?

எல்லாத் துணியும் சூடு தாங்காது. பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவோரின் மழை ஜாக்கெட் நைலானாக இருக்கலாம். அதில் இஸ்திரி வைத்தால் ஜாக்கெட்டே உருகிவிடும். விளையாட்டு ஜெர்சிகளிலும் எச்சரிக்கை தேவை. முதலில் உள்ளே இருக்கும் துணிக் குறிப்பைப் படியுங்கள். பள்ளி உடை என்றால் பள்ளி விதிமுறையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள்; இஸ்திரிப் பெட்டி மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். தானே வரைந்த புலியோ ராக்கெட்டோ முட்டியில் இருந்தால், அந்தக் காற்சட்டையை மறைக்க அவனுக்குத் தோன்றாது. நண்பர்களிடம் காட்டத்தான் தோன்றும்.