உரோமக் கடித இலக்கியத்தில் நட்பு வழக்கு: பிளினியின் இரு விருந்துக் கடிதங்கள்

முன்னுரை

உரோம உயர்குடியினரிடையே விருந்து நட்பைப் பேணும் களமாக விளங்கியது. வருவதாக ஒப்பிய பின் வாராதொழிவது அழைத்தவரின் மதிப்பைக் குறைக்கும். வெளிப்படையாகச் சினந்தால் நட்பு முறியும். வாளாவிருந்தால் மனக்குறை தங்கும். இதற்கு இளைய பிளினி கண்ட வழி, தம் தொழிலுக்குரிய வழக்குமொழியை விளையாட்டாக்குவதாகும். அவர் மரபுரிமை வழக்குகளை உசாவிய நூற்றுவர் மன்றத்தில் வாதாடியவர்.

அழைத்தவரின் முறையீடு

முதல் தொகுதியின் 15ஆம் கடிதம் செப்டிசியஸ் கிளாரசுக்கு எழுதப்பட்டது. அத்தொகுதியின் முதற்கடிதத்தைப் பெற்றவரும் அவரே. விருந்துக்கு வாராத அவர்மீது பிளினி குற்றம் சாட்டுகிறார். செலவைக் காசு குறையாமல் ஈடுசெய்யுமாறு தீர்ப்பும் அளிக்கிறார். ஆளுக்கு ஒரு லெட்டூஸ் கீரை, மூன்று நத்தைகள், இரண்டு முட்டைகள், தேன்கலந்த மதுவும் பனியும் சேர்ந்த கூழ் என இழப்பீட்டுப் பட்டியல் நீள்கிறது. பனிக்கும் விலை தரவேண்டும். அது தட்டிலேயே உருகி வீணாயிற்று.

பட்டியலின் எளிமையே நகைச்சுவைக்கு அடிப்படை. கோரப்படும் இழப்பு அற்பமானது; ஆகவே வழக்கு தன்னையே எள்ளிக்கொள்கிறது. ஆனால் உண்மையான மனக்குறை அடுத்து வெளிப்படுகிறது. கிளாரஸ் சிப்பியுணவும் காதிஸ் நகர ஆடல்மகளிரும் நிறைந்த வேறோர் இல்லத்தைத் தேர்ந்தார். தம் இல்லத்தைவிடச் செல்வம் மிக்க விருந்து பிறரிடம் கிடைக்கலாம், தம்மிடம் கிடைக்கும் தடையற்ற மகிழ்ச்சி எங்கும் கிடையாது என்பது பிளினியின் வாதம்.

விருந்தினரின் ஒப்பந்தம்

மூன்றாம் தொகுதியின் 12ஆம் கடிதத்தில் நிலை தலைகீழாகிறது. கட்டிலியஸ் செவெரசின் அழைப்பை ஏற்கும் பிளினி, ஒப்பந்தம் செய்பவர்போல் நிபந்தனை விதிக்கிறார்: விருந்து சுருக்கமாகவும் சிக்கனமாகவும் அமையவேண்டும், சாக்ரடீசு மரபிலான உரையாடல் மட்டுமே மிகுதியாக இருக்கலாம், அதற்கும் அளவு வேண்டும். விடியுமுன் தொடங்கும் நகரக் கடமைகளே இதற்குக் காரணம்.

முடிவுரை

முறையீடு, ஒப்பந்தம் என்னும் இரு சட்ட வடிவங்களும் இக்கடிதங்களில் ஒரே பணியைச் செய்கின்றன. மனக்குறையையும் வரம்பையும் நண்பரிடம் சொல்ல அவை இடந்தருகின்றன. சொன்னது பொய் வழக்கு என்பதால் நட்பு காக்கப்படுகிறது. கிளாரசுக்கான கடிதம் தண்டனையில் முடியவில்லை. ஒருமுறை வந்து பார்க்கட்டும். அதன்பின்னும் பிறர் அழைப்பையே விரும்பினால், தம்மிடம் என்றைக்கும் சாக்குச் சொல்லலாம் என்கிறார் பிளினி. தீர்ப்பாகத் தொடங்கிய கடிதம் மீண்டும் ஓர் அழைப்பாகிறது.